பூட்டுக்கா, குடியிருப்போருக்கா?
வீடு புகுந்து திருடும் குற்றமும் நம் தண்டனைச் சட்டமும்



வீடு புகுந்து திருடிய செய்தி இல்லாமல் நம் நாளிதழ்கள் வெளிவரும் நாள் அரிது. எத்தனை பவுன் நகை போனது, எவ்வளவு ரொக்கம் போனது, பூட்டு உடைக்கப்பட்டதா, பின்கதவு நெம்பப்பட்டதா, வீட்டார் ஊருக்குப் போயிருந்தார்களா என்ற விவரங்களோடு செய்தி முடிந்துவிடும். அந்த வீட்டில் குடியிருப்பவர்கள் அதன்பின் எப்படி உறங்குகிறார்கள் என்பது செய்தியில் வருவதில்லை. நகை முழுவதும் திரும்பக் கிடைத்த வீடுகளிலும் இரவில் சிறு ஓசைக்கு எழுந்து உட்காருபவர்கள் இருக்கிறார்கள். தனியாக இருக்க அஞ்சிப் பகலிலும் உள்தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளும் முதியவர்கள் இருக்கிறார்கள். வீடு என்பது பொருளை வைக்கும் இடம் என்பதற்கு முன்பே மனிதர் அச்சமின்றி உறங்கும் இடம். அந்த அச்சமின்மையைப் பறிப்பதுதான் இக்குற்றத்தின் முதல் கேடு. நம் தண்டனைச் சட்டமோ இக்குற்றத்தைப் பூட்டைக் கொண்டும், பொழுதைக் கொண்டும், களவைக் கொண்டும் அளக்கிறது. உள்ளே இருந்த மனிதரைக் கொண்டு அளப்பது மிகக் குறைவு. 1860-இல் எழுதிய அந்த அளவுகோலை 2023-இலும் நாம் மாற்றவில்லை. மாற்ற வேண்டும் என்பதே இந்த உரையின் வாதம்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்பதைத் தெளிவாகப் பார்த்துவிடுவோம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 329 முதல் 334 வரையுள்ள பிரிவுகள் இதற்கு உரியவை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 441 முதல் 462 வரை விரிந்து கிடந்தவற்றை இந்த ஆறு பிரிவுகளுக்குள் அடக்கியிருக்கிறார்கள். அமைப்பு படிக்கட்டு போன்றது. பிறர் உடைமையில் இருக்கும் இடத்துக்குள் குற்றம் செய்யவோ, உடையவரை மிரட்டவோ, அவமதிக்கவோ, தொல்லை தரவோ எண்ணி நுழைவது முதற்படி. அது குற்றமுறு அத்துமீறல். நுழைந்த இடம் மனிதர் குடியிருக்கும் கட்டடமாகவோ, கூடாரமாகவோ, படகாகவோ இருந்தால், அல்லது வழிபாட்டுக்கோ பொருளைப் பாதுகாக்கவோ பயன்படும் கட்டடமாக இருந்தால், அது வீட்டு அத்துமீறல். உடலின் எந்த ஒரு பகுதி உள்ளே போனாலும் நுழைந்ததாகவே பொருள். தன்னை வெளியேற்றும் உரிமை உள்ளவரின் கண்ணில் படாதபடி முன்னெச்சரிக்கை செய்துகொண்டு நுழைந்தால் அது மறைந்து புகுதல். சட்டம் குறிப்பிடும் ஆறு வழிகளுள் ஒன்றில் நுழைந்தாலோ வெளியேறினாலோ அது வீட்டை உடைத்துப் புகுதல். நம் காவல் நிலையங்களின் வழக்கில் கன்னக்களவு.

அந்த ஆறு வழிகளும் கவனிக்கத்தக்கவை. சுவரில் துளை போடுவது போலத் தானோ தன் கூட்டாளியோ உண்டாக்கிய வழி, மனிதர் நுழைவதற்கென்று அமையாத வழி, அல்லது சுவரேறிக் குதிப்பது, குடியிருப்பவர் எண்ணியிராத முறையில் திறந்த வழி, பூட்டைத் திறப்பது, தாக்கியோ தாக்குவதாக மிரட்டியோ நுழைவது, அடைக்கப்பட்டது என்று தெரிந்தே அந்த அடைப்பை நீக்கி நுழைவது. இவற்றை விளக்கச் சட்டமே எடுத்துக்காட்டுகள் தருகிறது. சுவரில் துளையிட்டுக் கையை மட்டும் உள்ளே விட்டாலும் குற்றம் நிறைவேறிவிடுகிறது. கதவின் துளை வழியே கம்பியை விட்டுத் தாழை நீக்கி நுழைவதும் அப்படியே. உடையவர் தொலைத்த சாவியைக் கண்டெடுத்து, அதைக் கொண்டு கதவைத் திறந்து நுழைந்தாலும் உடைத்துப் புகுந்ததாகவே சட்டம் கொள்கிறது. எதுவும் உடையாத இடத்திலும் உடைத்துப் புகுதல் நிகழ முடியும் என்பதால், சட்டம் காக்க விரும்பியது மரத்தையும் இரும்பையும் மட்டும் அல்ல என்பது விளங்கும். இங்கு உன்னை ஏற்கவில்லை என்று குடியிருப்பவர் அடைத்து வைத்த அந்த விருப்பத்தையே அது காக்க முனைகிறது. வரையறையின் உள்ளே இருக்கும் இந்த நல்ல எண்ணம் தண்டனைப் பகுதிக்கு வரும்போது வழிமாறிப் போகிறது.

தண்டனைகளை 331-ஆம் பிரிவு வரிசைப்படுத்துகிறது. மறைந்து புகுவதற்கும் உடைத்துப் புகுவதற்கும் 2 ஆண்டு வரை சிறை. அதுவே சூரியன் மறைந்த பின், உதிக்கும் முன் நடந்தால் 3 ஆண்டு வரை. சிறைத்தண்டனைக்குரிய ஏதோ ஒரு குற்றத்தைச் செய்வதற்காகப் பகலில் புகுந்தால் 3 ஆண்டு வரை. அந்தக் குற்றம் திருட்டு என்றால் 10 ஆண்டு வரை. இரவில் அப்படிப் புகுந்தால் 5 ஆண்டு வரை. நோக்கம் திருட்டு என்றால் 14 ஆண்டு வரை. ஒருவரைக் காயப்படுத்தவோ, தாக்கவோ, தடுத்து நிறுத்தவோ ஆயத்தம் செய்துகொண்டு புகுந்தால் பகலில் 10, இரவில் 14. புகுந்தவர் கொடுங்காயம் விளைவித்தாலோ, விளைவிக்க முயன்றாலோ, ஆயுள் தண்டனை வரை செல்லும். உள்ளே புகுந்தபின் நடக்கும் திருட்டுக்கு 305-ஆம் பிரிவின் கீழ் தனியே 7 ஆண்டு வரை உண்டு. இந்த எண்களை வரிசையாகப் பார்த்தால் மூன்று கேள்விகள் எழுகின்றன. திருட்டுக்கு மட்டும் ஏன் இந்தத் தனி ஏற்றம்? பொழுது ஏன் இவ்வளவு எடை பெறுகிறது? ஆள் உறங்கும் அறைக்கும் ஆளில்லாத கிடங்குக்கும் ஏன் ஒரே தண்டனை?

முதற்கேள்வியை எடுத்துக்கொள்வோம். நள்ளிரவில் ஒருவன் சுவரேறிக் குதித்து ஒரு வீட்டுக்குள் புகுகிறான். அடுக்களையில் இருக்கும் வெண்கலப் பானையை எடுத்துப்போவது அவன் நோக்கம். நுழைந்ததற்கு மட்டும் 14 ஆண்டு வரை தண்டனை. அடுத்த வீட்டில் இன்னொருவன் அதே நேரத்தில், அதே வழியில் புகுகிறான். உறங்கும் பெண்ணை அந்தரங்கமான நிலையில் அவளறியாமல் படம் பிடிப்பது அவன் நோக்கம். சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவின் கீழ் அது முதல் முறைக்கு 3 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். ஆனால் அதற்காக இரவில் வீடு புகுந்ததற்கு 5 ஆண்டுக்கு மேல் தர முடியாது. பானைக்காக வந்தவனின் நுழைவு அந்தரங்கத்துக்காக வந்தவனின் நுழைவைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு கொடியது என்று நம் சட்டம் சொல்கிறது. 332-ஆம் பிரிவிலும் இதே கணக்குதான்: பூட்டை உடைக்காமல், மறையாமல், சிறைத்தண்டனைக்குரிய குற்ற நோக்கோடு வீட்டுக்குள் நுழைந்தால் 2 ஆண்டு, நோக்கம் திருட்டென்றால் 7 ஆண்டு. மூன்று இடங்களில் ஒரே கணக்கு திரும்ப வருவதால் இதை எழுத்துப்பிழை என்று ஒதுக்க முடியாது. பொருளுக்கு மனிதரின் மானத்தைவிட மேலான இடம் தந்த ஒரு முடிவு இது.

இதற்கு மறுப்பு உண்டு. அந்தக் குற்றங்கள் நிறைவேறினால் அவற்றுக்குத் தனித் தண்டனை இருக்கிறதே, நுழைவுக்கு வேறு எதற்கு என்று கேட்கலாம். திருட்டுக்கும் அப்படித் தனித் தண்டனை இருக்கிறது. ஆயினும் திருட்டுக்கான நுழைவுக்கு 14 ஆண்டு வைத்தோம். ஆகவே அந்த விடையை ஒருபக்கத்துக்கு மட்டும் பொருத்த முடியாது. தாக்குவதற்கு ஆயத்தம் செய்து புகுந்தால் 14 ஆண்டு என்ற விதி பெண்களைக் காக்கவில்லையா என்றும் கேட்கலாம். ஆயத்தம் மெய்ப்பிக்கப்பட்டால் காக்கும். கத்தியோ கயிறோ கையில் இல்லாமல் வந்தவனிடம் ஆயத்தத்தை மெய்ப்பிப்பது எளிதல்ல. படம் பிடிக்க வந்தவனிடம் தாக்கும் ஆயத்தமே இருக்காது. மூலச் சட்டமான இங்கிலாந்தின் பழைய பொதுச்சட்டத்திலும் இந்த வேறுபாடு இல்லை. பெருங்குற்றம் எதைச் செய்யும் நோக்கோடு இரவில் பிறர் குடியிருப்பை உடைத்துப் புகுந்தாலும் அங்கே ஒரே குற்றம்தான். இன்று அங்கு நடப்பில் இருக்கும் 1968-ஆம் ஆண்டின் திருட்டுச் சட்டமும் திருடும் நோக்கையும் கொடுங்காயம் விளைவிக்கும் நோக்கையும் ஒரே பிரிவில் வைத்து ஒரே உச்சவரம்பைத்தான் விதிக்கிறது.

இரண்டாவது, பொழுது. இரவுக்குத் தனி எடை தந்ததற்கு ஒரு காலத்தில் வலுவான காரணம் இருந்தது. விளக்கில்லாத ஊரில் இரவில் வருபவனின் முகம் தெரியாது; வீட்டார் உறக்கத்தில் இருப்பார்கள்; அண்டை வீட்டார் எழுந்துவரத் தாமதமாகும். ஆக, இரவு என்பது உள்ளே ஆள் இருக்கிறார், அவர் எதிர்க்க முடியாத நிலையில் இருக்கிறார் என்பதன் அடையாளமாக நின்றது. இன்று அந்த அடையாளம் பொய்த்துவருகிறது. கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் வீடுகளில் காலை பத்து மணிக்கு எழுபது வயதுத் தாய் தனியே இருக்கிறார். கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவன் நுழைந்தால் சட்டத்தின் கண்ணில் அது பகல் குற்றம். மாலை ஆறு மணிக்கு, குடும்பமே கோயிலுக்குப் போயிருக்கும் வீட்டின் பூட்டை உடைத்தால், சென்னையில் நவம்பர் மாதத்தில் அது இரவுக் குற்றம். ஜூன் மாதத்தில் அதே மணிக்கு, அதே வீட்டில் அது பகல் குற்றம். குடியிருப்போருக்கு நேர்ந்த கேட்டில் எந்த மாற்றமும் இல்லாமல் உச்சத் தண்டனையில் நான்காண்டு கூடுகிறது, குறைகிறது. இங்கிலாந்து 1916-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை என்று பொழுதை வரையறுத்துப் பார்த்தது. பின்னர் 1968-இல் பொழுதையும் உடைத்தலையும் குற்றத்தின் இலக்கணத்திலிருந்தே நீக்கிவிட்டது.

பொழுதை நீக்கினால் தற்காப்பு உரிமை என்னாகும் என்பது கவனமாக விடை சொல்ல வேண்டிய மறுப்பு. சன்ஹிதாவின் 41-ஆம் பிரிவின்படி, சூரியன் மறைந்தபின் உதிக்கும் முன் வீட்டை உடைத்துப் புகுபவனை எதிர்க்கும்போது, தேவை நேர்ந்தால் அவனுக்கு மரணம் விளைவிக்கும் வரை உடைமைத் தற்காப்பு உரிமை நீள்கிறது. 43-ஆம் பிரிவின்படி அந்த அத்துமீறல் தொடரும் வரை அந்த உரிமையும் தொடர்கிறது. அஞ்சி நடுங்கும் குடும்பத்துக்குத் தெளிவான எல்லை வேண்டும். பொழுது அந்த எல்லையைத் தருகிறது என்பார்கள். மறுப்பில் நியாயம் உண்டு. ஆனால் அதே 41-ஆம் பிரிவு, உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ அஞ்ச நியாயமான காரணம் இருக்கும் வீட்டு அத்துமீறலுக்கும் அதே உரிமையைத் தருகிறது. அந்தக் கூறு பகலுக்கும் இரவுக்கும் பொதுவானது. உள்ளே இருப்பவரின் அச்சத்தையே அளவாகக் கொண்டது. பகலில் தனியே இருக்கும் மூதாட்டியைக் காப்பது இந்தக் கூறுதான். மேலும், தேவைக்கு மீறிய தீங்கு கூடாது என்ற 37-ஆம் பிரிவின் கட்டுப்பாடு எல்லாப் பொழுதுக்கும் உண்டு. ஓர் உயிரைப் பறிப்பதற்கான உரிமை பஞ்சாங்கத்தைப் பார்த்து முடிவாவதைவிட, எதிரில் நின்ற ஆபத்தைப் பார்த்து முடிவாவதே நீதி.

மூன்றாவது, வீடு எது என்ற கேள்வி. குடியிருப்பு, வழிபாட்டு இடம், பொருள் வைக்கும் இடம் ஆகிய மூன்றையும் சட்டம் ஒரே சொல்லில் கட்டிவிட்டது. குழந்தைகள் உறங்கும் அறைக்குள் இரவில் புகுவதற்கும் சிமெண்ட் மூட்டை அடுக்கிய கிடங்குக்குள் புகுவதற்கும் உச்சத் தண்டனை ஒன்றே. இப்படி வேறுபடுத்தாமல் இருப்பதுதான் எளிமை என்று சொல்வோருக்கு நம் மாநிலமே விடை தந்திருக்கிறது. கோயில் சிலைத் திருட்டுகள் பெருகிய நிலையில் தமிழ்நாடு 1993-ஆம் ஆண்டின் 28-ஆம் சட்டத்தின் வழி தண்டனைச் சட்டத்தின் 380, 454, 457 ஆகிய பிரிவுகளைத் திருத்தியது. வழிபாட்டு இடத்திலிருந்து சிலையைத் திருடுவதற்காக இரவில் உடைத்துப் புகுந்தால் குறைந்தது 3 ஆண்டு கடுங்காவல் என்று வகுத்தது. கட்டடத்தின் தன்மையையும் அதற்குள் இருப்பதன் அருமையையும் பார்த்துத் தண்டனையை வேறுபடுத்த நம்மால் முடியும் என்பதற்கு அது சான்று. கருவறைக்குள் இருக்கும் சிலைக்குச் சட்டம் தனி மதிப்புத் தந்தது சரியே. அதே மதிப்பை, வீட்டுக்குள் இருக்கும் மனிதருக்குத் தரத் தயங்க வேண்டியதில்லை. இங்கிலாந்தில் 1991-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி குடியிருப்புக்கு 14 ஆண்டு, பிற கட்டடங்களுக்கு 10 ஆண்டு என்று உச்சவரம்பைப் பிரித்துவிட்டார்கள். குடியிருப்பில் புகுந்தபோது வீட்டார் உள்ளே இருந்தார்களா என்பதை அங்குள்ள தண்டனை வழிகாட்டு நெறிகள் கேட்டின் அளவைக் கூட்டும் காரணமாக எடுத்துக்கொள்கின்றன.

உள்ளே ஆள் இருப்பது புகுந்தவனுக்குத் தெரியாமல் இருக்கலாமே, தெரியாத ஒன்றுக்காகத் தண்டனையைக் கூட்டலாமா என்பது அடுத்த மறுப்பு. கூட்டக் கூடாது. உள்ளே ஆள் இருப்பதை அறிந்தோ, இருந்தால் இருக்கட்டும் என்ற பொருட்படுத்தாமையோடோ புகுந்தவனுக்கு மட்டுமே உயர்ந்த தண்டனை என்று வகுத்தால் இந்தக் குறை தீரும். மேலும், மனிதரை முன்னிறுத்தினால் பொருள் இழந்தவர் கைவிடப்படுவாரோ என்றும் ஐயம் எழலாம். நடுத்தரக் குடும்பத்தின் இருபது பவுன் நகை மகளின் திருமணம். தினக்கூலிக் குடும்பத்தின் ஒரு பவுன் தாலி அடுத்த நோய்க்கான அடகுப் பொருள். அதன் இழப்பைச் சிறிதென்று யாரும் சொல்ல முடியாது. பூட்டிய வெற்று வீட்டை உடைப்பதும் கடுங்குற்றமாகவே தொடர வேண்டும். கேட்பது ஒன்றுதான்: ஆளில்லாத வீட்டுக்கும் ஆளுள்ள வீட்டுக்கும் சட்டம் ஒரே விலை வைக்கக் கூடாது.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு, தண்டனையை எல்லாவற்றுக்கும் கூட்டிவிட்டால் போதாதா என்பவர்கள், 14 ஆண்டு என்ற எண் நீதிமன்றத்தில் என்ன ஆகிறது என்பதைப் பார்க்க வேண்டும். திருட்டுக்காக இரவில் வீட்டை உடைத்துப் புகும் குற்றத்தை விசாரிப்பவர் முதல் வகுப்பு நடுவர். அவர் விதிக்கக்கூடிய சிறை 3 ஆண்டுக்கு மேல் போகாது. அதற்கு மேல் வேண்டும் என்று அவர் கருதினால் தலைமைக் குற்றவியல் நடுவருக்கு வழக்கை அனுப்பலாம். அவரது வரம்பு 7 ஆண்டு. புத்தகத்தில் 14 என்று எழுதி, வழக்கமாக விசாரிக்கும் மன்றத்துக்கு 3 மட்டும் தந்திருக்கிறோம். தண்டனையின் கடுமையைவிடத் தப்ப முடியாது என்ற உறுதியே குற்றத்தைத் தடுக்கும் என்று இத்தாலியச் சிந்தனையாளர் பெக்காரியா 1764-இலேயே வாதிட்டார். ஆகவே எண்ணைக் கூட்டுவதைவிடப் புலனாய்வைச் செம்மைப்படுத்துவதே பயன் தரும். இதில் புதிய நடைமுறைச் சட்டம் நல்ல தொடக்கம் செய்திருக்கிறது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176-ஆம் பிரிவு, 7 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றம் நடந்த இடத்துக்குத் தடயவியல் வல்லுநர் செல்ல வேண்டும் என்கிறது. மாநிலங்கள் அதை நடைமுறைப்படுத்த ஐந்தாண்டு வரை அவகாசம் உண்டு. வீடு புகுந்த திருட்டு இந்த வரம்புக்குள் வருகிறது. 497-ஆம் பிரிவு, கைப்பற்றிய பொருளின் விவரத்தை 14 நாளுக்குள் நடுவர் பதிவுசெய்து, படம் எடுக்கச் செய்து, அதன்பின் 30 நாளுக்குள் பொருளை என்ன செய்வது என்று ஆணையிட வழிசெய்கிறது. நகையை மீட்டபின்னும் அது நீதிமன்றப் பெட்டகத்திலிருந்து வெளிவர ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் குடும்பத்துக்கு, திருடனுக்குக் கூடும் சிறையாண்டைவிட இந்த 30 நாள் பெரிது.

புலனாய்வு பலவீனமாக இருக்கும்போது சட்டம் செயலை விட்டுவிட்டு ஆளை அளக்கத் தொடங்குகிறது. அதன் விலையை இந்த மண் அறியும். 1871-இல் வட இந்தியாவில் தொடங்கி, 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி சென்னை மாகாணத்துக்கும் வந்த குற்றப்பரம்பரைச் சட்டம், பிறப்பையே சந்தேகத்துக்குக் காரணமாக்கியது. அந்தச் சட்டம் கோரிய கைரேகைப் பதிவை எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூர்க் கிராம மக்கள் மீது 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் துப்பாக்கிச் சூடு நடந்தது, பலர் உயிரிழந்தார்கள். அந்தச் சட்டம் போய்விட்டது. அந்தப் பழக்கம் முழுதும் போய்விடவில்லை. ஒரு தெருவில் திருட்டு நடந்தால் பழைய குற்றவாளிகளின் பட்டியலைக் கொண்டு விசாரணையைத் தொடங்கி, அதிலேயே முடிப்பது எளிது. முந்தைய தண்டனை உள்ளவருக்குக் கூடுதல் தண்டனை என்ற நியாய சன்ஹிதாவின் 13-ஆம் பிரிவு குற்றம் மெய்ப்பிக்கப்பட்ட பின்னர் வர வேண்டியது. குற்றத்தை மெய்ப்பிக்கும் சான்றாக அது வரக் கூடாது. சிறைகளில் சாதிப் பாகுபாட்டையும் பழங்குற்றவாளி என்ற முத்திரையையும் பற்றி உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில் அளித்த தீர்ப்பு, இந்த நோய் இன்னும் அமைப்புக்குள் இருப்பதைக் காட்டிற்று. குடியிருப்போரின் அச்சத்தை மையமாக வைக்கச் சொல்லும் என் வாதம், எந்தச் சமூகத்தின் மீதும் அச்சத்தைத் திருப்பிவிடும் வாதமாகிவிடக் கூடாது. அளக்க வேண்டியது நிகழ்ந்த கேட்டை மட்டுமே.

அவையோரே, கேட்கும் மாற்றங்கள் நான்கு. உள்ளே ஆள் இருப்பதை அறிந்தோ பொருட்படுத்தாமலோ குடியிருப்புக்குள் புகுவதைத் தனிக் குற்றமாக்கி, பகலிரவு வேறுபாடின்றி அதற்கே உயர்ந்த தண்டனையை வைக்க வேண்டும். திருட்டு நோக்கத்துக்குத் தந்திருக்கும் தனி ஏற்றத்தை, மனிதரின் உடலுக்கும் மானத்துக்கும் எதிரான நோக்கங்களுக்கும் தர வேண்டும். ஆளில்லாத குடியிருப்பையும் கிடங்கையும் தனித்தனிப் படிகளில் வைத்து, விசாரிக்கும் மன்றம் விதிக்கக்கூடிய அளவுக்கு அவற்றின் தண்டனையை நேர்மையாக எழுத வேண்டும். தடயவியல் பணியையும் பொருளைத் திருப்பித் தரும் கடமையையும் ஏட்டில் விட்டுவிடாமல் ஆள் அமர்த்திப் பணம் ஒதுக்கி நடத்த வேண்டும். இவற்றுக்கு நாடாளுமன்றத்தை மட்டும் நோக்கிக் காத்திருக்க வேண்டியதில்லை. குற்றவியல் சட்டம் பொதுப்பட்டியலில் இருக்கிறது. குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு மாநிலச் சட்டமன்றம் திருத்தம் செய்யலாம். 1993-இல் சிலைகளைக் காக்கத் தமிழ்நாடு அதைத்தான் செய்தது. தெய்வத்தின் இல்லத்துக்காக ஒருமுறை திறந்த அந்த வழி, மனிதரின் இல்லத்துக்காகவும் திறக்கப்பட வேண்டும். சட்டம் பயிலும் இளைஞர்கள் இக்கேள்வியை நீதிமன்றங்களுக்கும் சட்டமன்றத்துக்கும் எடுத்துச் செல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.